தெரிதலும் விலக்கலும்: பொது நூலகத்தில் திரைப்படம்

நூலகம் நூல்களை இரவல் தர வேண்டும் என்பதில் நம் தமிழாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அதே நூலகம் திரைப்படத்தையும் இரவல் தரலாமா என்று கேட்டால் உடனே இரண்டு குரல்கள் எழுகின்றன. 'திரைப்படம் பொழுதுபோக்கு, அதற்குக் கொட்டகை உண்டு, தொலைக்காட்சி உண்டு, நூலகத்தில் அதற்கு என்ன வேலை?' என்பது ஒரு குரல். 'தரலாம், ஆனால் பிள்ளைகள் வரும் இடமாதலால், அனைவரும் காணத்தக்கவை எனச் சான்று பெற்றவற்றை மட்டும் வாங்கி வைத்தால் வம்பில்லை' என்பது மற்றொரு குரல்.

இவ்விரு குரல்களும் ஒன்றுக்கொன்று மாறானவை போல் ஒலிக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒரே பணியைத் தட்டிக் கழிப்பவை. அப்பணி, தெரிதல். எது நல்ல படம், எது யாருக்கு எப்பொழுது பயன்படும், அதை எந்தத் துணையோடு அவர் கையில் தர வேண்டும் என்று ஆய்ந்து முடிவு செய்யும் பொறுப்பை முதற்குரல் வணிகர்க்கும், இரண்டாம் குரல் தணிக்கையாளர்க்கும் விட்டுவிடுகிறது. இப்பொறுப்பு நூலகத்துக்கும் ஆசிரியருக்கும் உரியது என்பதையே இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திடலில் தொடங்கிய பழக்கம்

குளுவாங் வட்டாரத்துத் தமிழர்க்குத் திரைப்படம் நகரத்துக் கொட்டகையில் மட்டும் அறிமுகமானதன்று. ரெங்கம், பாலோ, நியோர், கஹாங் என்று சுற்றிலும் பரந்து கிடந்த தோட்டங்களில், திடலில் இரு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிக் காட்டப்பட்ட படங்களை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். மலாயாத் திரைப்படப் பிரிவு 1946-இல் தொடங்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் படவண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் படங்கள் காட்டப்பெற்றன. பால்மரம் சீவிக் களைத்த பாட்டியும் தொட்டிலை விட்டு இறங்காத பேரக் குழந்தையும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே படத்தைக் கண்டனர்.

அந்தக் காட்சி இனிமையானதே. எனினும் ஒரு வினாவை அன்று எவரும் எழுப்பவில்லை: அப்படத்தைத் தெரிந்தவர் யார்? அரசு வண்டியில் வந்ததை, அரசு மக்களுக்குச் சொல்ல விரும்பிய செய்தி தெரிந்தது. வாடகைக்குப் படம் கொணர்ந்தவர் காட்டியதை, நாயகனின் புகழ் தெரிந்தது. பின்னர் 1963-இல் இந்நாட்டில் தொலைக்காட்சி வந்தது. 1980-களில் வீடியோ நாடாக்கள் கடைகளில் அடுக்கப்பட்டன. இன்று படம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. திடலிலிருந்து வீட்டுக் கூடத்துக்கும், கூடத்திலிருந்து உள்ளங்கைக்கும் படம் இடம் பெயர்ந்தது. எந்த நிலையிலும் தெரிபவர் வேறு எவரோவாகவே இருந்தார். இன்றோ அவர் ஆளாகவும் இல்லை. ஒரு சிறுவன் நேற்று எதைப் பார்த்தான் என்று கணக்கிட்டு, அதைப் போன்ற மற்றொன்றை இன்று அவன்முன் நீட்டுகிறது ஒரு கணிப்பொறி.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க வேறொரு வண்டியும் உண்டு. தமிழகத்தில், மன்னார்குடிப் பகுதியில், 1931-இல் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றனர். அவ்வண்டியும் ஊர் தேடி வந்தது. ஆனால் அது வந்து நின்றபின், எதை எடுப்பது என்ற உரிமை வாசகனிடம் இருந்தது. என்னென்ன நூல்களை ஏற்றுவது என்ற பொறுப்பு நூலறிந்தவரிடம் இருந்தது. வாசகனின் உரிமையும் அறிந்தவரின் பொறுப்பும் ஆகிய இவை இரண்டும் சேர்ந்ததே நூலகம். படவண்டியில் இவ்விரண்டும் இல்லை. பொது நூலகம் திரைப்படத்தை இரவல் தருவதன் பொருள், படவண்டியை நூல்வண்டியாக மாற்றுவதே எனலாம்.

நூலகத்துக்கு இது புதிய வேலையா?

'நூல்+அகம் நூலகம், அங்கே படத்துக்கு இடமேது?' என்று சொற்பிரித்து வாதிடுவோர் உளர். சொல்லின் பிறப்பைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் எல்லையை வரையறுத்தல் பொருந்தாது. ஐக்கிய நாடுகள் சபையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ 1949-இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கையிலேயே நூல், நாளிதழ், நிலப்படம் ஆகியவற்றோடு திரைப்படமும் இசைத்தட்டும் நூலகம் வழங்க வேண்டியவற்றுள் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்த வழிகாட்ட வேண்டும் என்பதும் அங்கேயே வற்புறுத்தப்பட்டது. கொடுப்பதோடு கடமை முடிவதில்லை என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

சீர்காழியில் பிறந்து நூலகவியலுக்கே இலக்கணம் வகுத்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டு, வாசகரையும் நூலையும் ஒருவரோடொருவர் இணைத்துப் பேசுவன. தனக்குரிய நூலை வாசகர் அடைதலும், தனக்குரிய வாசகரை நூல் அடைதலும் நூலகரின் முயற்சியால் நிகழ வேண்டும் என்பது அவற்றின் கருத்து. நூல் என்றவிடத்தில் படம் என்று இட்டுப் பார்த்தால், நம் சிக்கலின் தீர்வு தெளிவாகும். 'இப்படம் அனைவர்க்கும் உகந்ததா?' என்று கேட்பது தவறான வினா. அனைவர்க்கும் ஒருங்கே உகந்த நூல் உலகில் எத்தனை உண்டு? 'இப்படத்துக்குரிய பார்வையாளர் யார்? அவரை இஃது எவ்வாறு சென்றடையும்?' என்பதே நூலகர் கேட்கத்தக்க வினா.

நம் நாட்டுச் சட்டமும் படத்தை நூலகப் பொருளாகவே கருதுகிறது. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், அச்சு நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வழி செய்தது. ஆனால் பாதுகாத்தல் ஒன்று, இரவல் தருதல் மற்றொன்று. கோலாலம்பூரில் காக்கப்படும் ஒரு படி, குளுவாங் மாணவியின் வீட்டுக்கு வருவதில்லை. அவளுக்கு வேண்டியது அவள் ஊர் நூலகத்தின் அடுக்கில் உள்ள ஒரு படி.

வயதுக்குறி திறனாய்வு ஆகுமா?

இனி, இரண்டாம் குரலின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். தணிக்கை வாரியம் வயதுக்குறி இட்டுள்ளது. அதனைப் பின்பற்றினால் போதாதா?

சட்டம் சட்டமே. 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, வாரியத்தின் இசைவு பெறாத படத்தை இந்நாட்டில் பரப்புவதும் காட்டுவதும் குற்றமாகும். நூலகம் அவ்வெல்லைக்குள் நின்றே இயங்க வேண்டும். ஆயினும் எல்லைக்கோடு வேறு, அதனுள் எதைப் பயிரிடுவது என்ற அறிவு வேறு. வயதுக்குறி, 'இதனால் இவ்வயதினர்க்குத் தீங்கு நேரலாம்' என்று கூறும். 'இதனால் இவர்க்கு இன்ன நன்மை விளையும்' என்று அது கூறுவதில்லை. கூறுவது அதன் வேலையும் அன்று. 'அனைவர்க்கும்' என்ற குறியைத் தாங்கி வரும் வெற்றுப் படங்கள் எத்தனை! அவற்றில் குருதியும் இல்லை, கருத்தும் இல்லை.

மேலும், குறி நிலையானதும் அன்று. நம் நாட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கான குறி ஒரு காலத்தில் வன்முறை, பாலியல், சமயம் அல்லது அரசியல் எனக் காரணம் பிரித்து நான்கு வகையாக இருந்தது. 2010-இல் அவை ஒன்றாக்கப்பட்டன. 2023-இல் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாறு, பதினெட்டு என வயதுப் படிகள் பெருகின. இந்தியாவிலும் பெற்றோர் வழிகாட்டலுக்குரிய குறி 2024-இல் ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூவகையாயிற்று. சென்னையிலிருந்து வரும் ஒரு பழைய குறுந்தட்டில் உள்ள குறி ஒன்று, இங்கு வழங்கும் குறி மற்றொன்று. படம் மாறவில்லை, குறிதான் மாறிக்கொண்டிருக்கிறது. அதனை மட்டும் அளவுகோலாகக் கொள்வது, ஆண்டுதோறும் நீளம் மாறும் முழக்கோலால் துணியளப்பதை ஒக்கும்.

பிற நாட்டார் இச்சிக்கலை எதிர்கொண்ட விதத்தையும் அறிந்துகொள்வது நலம். பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டம், குறியிட்ட வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் அப்பதிவை வழங்குவதைக் குற்றமாக்கியது. ஆங்குள்ள நூலகங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அமெரிக்காவிலோ, 1968-இல் தொடங்கிய வயதுக்குறி திரைத்துறையினர் தாமே வகுத்துக்கொண்டது. எனவே அந்நாட்டு நூலகச் சங்கம், அக்குறியை நூலக விதியாக்குதல் தகாது எனவும், தம் பிள்ளை எதைக் காணலாம் என்று முடிவு செய்வது பெற்றோரின் உரிமை எனவும், அவ்வுரிமை பிறர் பிள்ளைகள்மீது செல்லாது எனவும் நிலை எடுத்தது. காணும் உரிமை பற்றிய ஓர் அறிக்கையையும் 1990-இல் ஏற்றுக்கொண்டது. நம் சட்டச் சூழல் அமெரிக்கச் சூழலன்று. அவ்வழியை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் இயலாது. எனினும் அங்கிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. அவர்கள் எதை, ஏன் வாங்குகிறோம் என்பதை எழுதி வைக்கிறார்கள். குறை கூறுவோர் வந்தால் அவ்வெழுத்தைக் காட்டி விடை பகர்கிறார்கள். ஒரே ஒரு புகாருக்கு அஞ்சி ஒரு படத்தை அடுக்கிலிருந்து எடுத்துவிடும் நிலை அதனால் தடுக்கப்படுகிறது.

வெளியே செல்வானேன்? நம் இலக்கிய மரபே நமக்குப் போதிய அளவுகோலைத் தந்துள்ளது. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் உண்டு, வெகுளியும் உண்டு, அழுகையும் உண்டு. அவை இலக்கியத்துக்கு ஆகாதவை என்று அவர் தள்ளவில்லை. எதனால் அம்மெய்ப்பாடு தோன்றுகிறது என்பதையே ஆராய்ந்தார். சிலப்பதிகாரத்தில் குற்றமற்றவன் கொலையுண்கிறான். ஒரு மாநகரம் தீக்கிரையாகிறது. அதனை நாம் மாணவர்க்குக் கற்பிக்கத் தயங்கியதுண்டா? இல்லை. ஏனெனில் அங்குக் கொலை அறத்தை வினவுவதற்காக வருகிறது. அவ்வினாவை எடுத்து விளக்க ஆசிரியர் அருகில் இருக்கிறார். ஆகவே, ஒரு படைப்பு இளையோர்க்கு ஏற்றதா என்பதை அதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. அஃது எதற்காக இருக்கிறது, யாருடைய துணையோடு காணப்படுகிறது என்ற இரண்டும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இம்மூன்றாம் கூறுதான் நூலகரும் ஆசிரியரும் வகிக்க வேண்டிய இடம்.

இரண்டு மலேசியப் படங்கள்

இவ்வளவுகோலை நம் மண்ணில் பிறந்த இரு படங்களில் வைத்துப் பார்ப்போம். தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. 1960-களின் ரப்பர்த் தோட்டத்தில், பல்கலைக்கழகம் செல்ல விழையும் ஒரு பெண்ணின் கதை அது. அதில் சண்டை இல்லை; ஆடல்பாடல் ஆரவாரம் இல்லை. அதனாலேயே, குறியை மட்டும் நோக்குபவர்க்கு அது தீங்கற்ற படம்; விரைவை மட்டும் நோக்கும் இளைஞனுக்கு அது மெதுவான படம். எவ்வாறு பார்ப்பது என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தாலன்றி, அது தன் பார்வையாளரை அடையாது. படிவம் நான்கில் தோட்டப்புற வாழ்வு பற்றிய கதைகளைப் பயிலும் மாணவிக்கு, பாட்டி வாழ்ந்த லயத்தின் ஓசையையும் ஒளியையும் காட்டும் துணைநூலாக இப்படத்தை ஆசிரியர் அறிமுகப்படுத்தினால், அதன் மெதுமையே அவளுக்குச் சுவையாகும்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்' இதற்கு எதிர்முனை. 1990-களின் தொடக்கம்; தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் வாழ்வு; அப்போய் என்னும் சிறுவன். தந்தை அவன் படித்து முன்னேற வேண்டும் என்கிறார்; கண்டிப்பையே அதற்குக் கருவியாகக் கொள்கிறார். அவனைச் சூழ்ந்த ஆடவர் உலகிலோ குண்டர் கும்பலின் நிழல் படிந்திருக்கிறது. 'தீய' என்று பொருள்படும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் மருவியதே படத்தின் பெயர். நடுவில் ஒரு சிறுவன் நிற்பதால் இது சிறுவர் படம் ஆகிவிடாது. வன்முறை வருவதால் இளையோர் காணவே கூடாத படமும் ஆகிவிடாது. வன்முறையை அழகுபடுத்திக் காட்டும் படங்கள் கைப்பேசியில் குவிந்து கிடக்கையில், அவ்வழிக்கு ஒருவன் எவ்வாறு தள்ளப்படுகிறான் என்று வினவும் படத்தை மட்டும் மறைத்து வைப்பது முறையா? மேல்நிலைப் படிவ மாணவரும் அவர்தம் பெற்றோரும் சேர்ந்து காணத்தக்கது இது. பிள்ளையை அடித்து வளர்த்தல் பற்றி நம் இல்லங்களில் நிகழ வேண்டிய ஒரு பேச்சை இது தொடங்கி வைக்கும்.

இப்படத்தின் வரலாற்றில் நூலகர்க்கு ஒரு பாடமும் உண்டு. 2016-இல் நடைபெற்ற 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழி அல்லாத படங்களுக்கென வகுக்கப்பட்ட தனிப்பிரிவில் இது முதலில் வைக்கப்பட்டது. அதனைத் திரைக்கலைஞர் பலர் எதிர்த்தனர், பிரிவுகள் திருத்தப்பட்டன, முடிவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை 'ஜகாட்' பெற்றது. ஒரு படத்தை எந்த அடுக்கில் வைக்கிறோம் என்பது வெறும் ஒழுங்குமுறையன்று. அதுவே ஒரு மதிப்பீடு. சென்னைப் படங்களோடு 'தமிழ்' என்ற ஒரே பெட்டியில் இவ்விரு படங்களையும் நூலகம் இட்டு வைத்தால், மலாய், சீன மாணவர் அவற்றைத் தேடிவாரார். 'மலேசியா' என்ற அடுக்கில் வைத்தால், நம் வாழ்வு இந்நாட்டு வாழ்வின் ஒரு பகுதி என்பதைச் சொல்லாமல் சொன்னதாகும்.

இரவலும் உரிமமும்

படத்தைத் தெரிந்தாயிற்று, அதை வைத்திருக்க இயலுமா என்பது அடுத்த சிக்கல். குறுந்தட்டை விலை கொடுத்து வாங்கிய நூலகம் அது தேயும்வரை இரவல் தரலாம். இணையவழி ஒளிபரப்பில் நிலைமை வேறு. அங்கு நூலகம் படத்தை வாங்குவதில்லை; பார்க்கும் உரிமத்துக்கு வாடகை செலுத்துகிறது. நியூயார்க் நகரின் மூன்று பெரும் நூலக அமைப்புகள், வாசகர்க்கு இலவசமாகப் படம் வழங்கிய 'கனோப்பி' என்னும் சேவையைச் செலவு தாங்காமல் 2019-இல் நிறுத்திவிட்டன. பெருநகரத்துக்கே அந்நிலை எனின், சிறுநகரத்துக்கு என்ன ஆகும்? அஞ்சலில் குறுந்தட்டு வாடகைக்கு அனுப்பிப் பெயர்பெற்ற 'நெட்பிளிக்ஸ்' நிறுவனமும் 2023-இல் அப்பணியை முடித்துக்கொண்டது. கையில் எடுத்துக் கொடுக்கத்தக்க வடிவம் அருகி வருகிறது.

வைத்துக் காவாத படம் அழியும் என்பதற்குத் தமிழ்த் திரையுலகே சான்று. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற பேசாப்படம் இன்று இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படமும் இல்லை. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டு, பி. கே. நாயர் போன்றோர் தேடித் தேடிச் சேர்த்ததால் எஞ்சியவை பல. அக்காப்பகம் காத்ததோடு நில்லாமல், படச்சுருள்களை நாடெங்கும் உள்ள திரைப்படக் கழகங்களுக்கு இரவல் தந்ததும் குறிப்பிடத்தக்கது. காட்டப்படாத படம் பெட்டியில் இருந்தாலும் இறந்ததே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பெரிய சந்தையும் பெரிய முதலும் இல்லாத மலேசியத் தமிழ்ப் படங்கள், மேற்சொன்னவற்றினும் விரைவில் மறையக்கூடியவை.

நாம் செய்யத்தக்கன

குற்றம் கூறி முடிப்பது எளிது. செயலுக்கு வழி கூறலே திறனாய்வின் பயன். குளுவாங் போன்றதொரு நகரில் பெரும்பொருட் செலவின்றிச் செய்யத்தக்கன சில உள்ளன.

முதலாவது, வட்டாரத் தமிழாசிரியர்கள் கூடி, ஆண்டுக்குப் பத்துப் படங்களை ஆய்ந்து பட்டியலிட்டுப் பொது நூலகத்துக்கு அளிக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் எழுதுக. கதைச் சுருக்கம் மட்டும் போதாது. யாருக்கு உரியது, எந்தக் காட்சி இளையோரைத் துணுக்குறச் செய்யலாம், கண்டபின் எதைப் பேசலாம் என்பனவும் அதில் இடம்பெறுக. அந்தப் பக்கம் குறுந்தட்டின் உறையிலேயே இருந்தால், பெற்றோரும் அதைப் படித்துத் தம் பிள்ளைக்கு எது தகும் என்று தாமே துணிவர். நூலகர்க்குத் தமிழ் தெரியாதிருப்பினும் இப்பட்டியல் அவர்க்குக் கண்ணாக அமையும். 'தமிழ்ப் படங்களை நூலகம் வாங்குவதில்லை' என்று குறைபடும் நாம், எதை வாங்குவது என்று எப்போதேனும் எழுதிக் கொடுத்ததுண்டா?

இரண்டாவது, ஓரூர் நூலகம் தனியே வாங்க இயலாதவற்றைப் பல ஊர் நூலகங்கள் பங்கிட்டு வாங்கிச் சுற்றுக்கு விடலாம். 1940-களின் இறுதியில் அமெரிக்கச் சிறுநகர நூலகங்கள், விலைமிக்க படச்சுருள்களை இம்முறையில்தான் பகிர்ந்துகொண்டன. குளுவாங், பத்து பகாட், மூவார், சிகாமட் என நான்கு ஊர்கள் சேர்ந்தால் பத்துப் படம் நாற்பதாகும்.

மூன்றாவது, வீட்டில் காண இரவல் தருவதோடு, உரிமையாளரின் இசைவு பெற்று ஆண்டுக்கு இரண்டொரு முறையேனும் நூலக மன்றத்தில் படம் காட்டி, அதன்பின் கலந்துரையாடல் நிகழ்த்தலாம். நாவலையும் நாடகத்தையும் கவிதையையும் தமிழ் இலக்கியப் பாடத்தில் ஆராயப் பழகிய மாணவர்க்கு, ஒரு படத்தின் பாத்திரத்தையும் உரையாடலையும் பின்னலையும் ஆராய்வது கடினமன்று. அவ்வாறு ஒரு முறை ஆராய்ந்தவர், பின்னர்க் கைப்பேசியில் எதைக் கண்டாலும் முன்போல் காணமாட்டார். அவருக்குள்ளேயே ஒரு தெரிவாளர் தோன்றிவிடுகிறார். வயதுக்குறி எட்டாத இடத்திலும் அவர் உடனிருப்பார்.

தோட்டத்துத் திடல்கள் பல இன்று செம்பனைக் காடாயின, சில வீட்டுமனைகளாயின. பாட்டியும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே படத்தைக் கண்ட இரவுகள் மீளா. ஆனால் அன்று அவர்களுக்கு இல்லாத ஓர் உரிமையை இன்று நாம் தரவியலும். பேரன் நூலகத்துக்குச் சென்று, ஆசிரியர் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்து, தானே தெரிந்தெடுத்த ஒரு படத்தை இரவல் பெற்று வந்து, 'பாட்டி, உங்கள் காலத்துத் தோட்டம் இதில் இருக்கிறதாம். வாருங்கள், பார்க்கலாம்' என்று அழைப்பானாயின், நூலகம் தன் கடமையைச் செய்ததாகும். அந்த ஒரு பக்கத்தை எழுத வேண்டியவர் நாமே.